ஊசியக்கா ஒட்டிய கொம்பு

ஊசியக்காவுக்கு ஊசி போடத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த சிலபேர் காய்ச்சல் கண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். அவளும் சளைக்காமல், "ஆறு கால் இருந்தா உள்ள கூட்டிட்டு வாங்க, ரெண்டு கால்தான்னா டாக்டர்கிட்ட போங்க" என்று வழிகாட்டி அனுப்பியிருக்கிறாள்.

அவள் ஊசி குத்துவது செத்த பூச்சிகளுக்கு. ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாவது மாடியில் ஜன்னலே இல்லாத நீள அறை ஒன்று. சுவர் முழுக்க மர அலமாரிகள், அலமாரி முழுக்கக் கண்ணாடி மூடி போட்ட இழுப்புப் பெட்டிகள், பெட்டி முழுக்க ஊசியில் நிற்கும் பூச்சிகள். எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துக்கு மேல். செத்த பூச்சியைத் தின்பதற்கென்றே உயிருள்ள பூச்சி ஒன்று உண்டு, அது உள்ளே வராமலிருக்க மூலைக்கு மூலை அந்துருண்டை. அந்த வாசனை ஊசியக்காவோடு வீட்டுக்கும் வரும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் இரண்டு நிறுத்தத்துக்குள் தும்மிவிடுவார்கள். தையல்கடை வைத்திருக்கும் அவள் புருஷன் மட்டும் இந்த விஷயத்தில் ரொம்பப் பெருந்தன்மை. "எங்க வீட்டு பீரோவுக்குத் தனியா அந்துருண்டை வாங்கறதில்ல" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

இருபத்தாறு வயதில் அவள் அங்கே போனது தரை கூட்ட. ஒருநாள் மேசைக்கடியில் கூட்டும்போது துடைப்பத்தோடு ஒரு கால் வந்தது. வண்டுக் கால். வேறு யாராவது என்றால் குப்பையில் தள்ளியிருப்பார்கள். இவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மேசைமேலிருந்த பெட்டியில் எந்த வண்டுக்கு ஒரு கால் குறைகிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அப்போதைய தலைவரிடம் கொண்டுபோய் நீட்டினாள். அந்த மனுஷனுக்குக் கோபம் மூக்குமேல் நிற்கும். ஆனால் ஆளை எடைபோடத் தெரியும். அடுத்த மாதமே துடைப்பம் வேறு ஆளுக்குப் போனது, இடுக்கி இவள் கைக்கு வந்தது.

அன்றிலிருந்து முப்பத்தொரு வருஷம். வண்டு என்றால் வலது மேல் இறக்கையில், தோளுக்குச் சற்றுக் கீழே ஊசி இறங்கும். பட்டாம்பூச்சி என்றால் மார்பின் நட்டநடுவில். ஈ என்றால் நடுவிலிருந்து மயிரிழை வலப்பக்கம். ஏன் வலம் என்றால், ஊசி போன இடம் கெட்டுப்போகும், அதனால் இடப்பக்கமாவது முழுசாக இருக்கட்டும் என்றுதான். பூச்சிக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஒரு பக்கத்தைப் பார்த்தால் மறுபக்கத்தையும் பார்த்த மாதிரிதான். "மனுஷங்க அப்படி இல்லையே, அதான் கஷ்டம்" என்பாள் ஊசியக்கா.

சொந்தக்காரர்களையும் அவள் விட்டுவைக்கவில்லை. கரப்பான் பூச்சியின் குஞ்சு முட்டையிலிருந்து வரும்போதே சின்னக் கரப்பானாகத்தான் வரும், இறக்கை மட்டும் பிற்பாடு. அவள் மகன் அந்த ரகம். ஐந்து வயதில் எப்படிச் சிணுங்கினானோ முப்பதிலும் அப்படியே. மகள் பட்டாம்பூச்சி ரகம். படுத்துக்கொண்டே தின்று கொழுத்த புழுவாகக் கொஞ்ச காலம், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பரீட்சைக்குப் படித்த கூட்டுப்புழுவாக இரண்டு வருஷம், திடீரென்று ஒருநாள் பாங்க் அதிகாரியாகப் பறந்து போய்விட்டாள். கொழுந்தனார் விஷயம்தான் பாவம். "அவருக்கு அம்பத்தஞ்சு வயசு ஆகுது, இன்னும் கூட்டைவிட்டு வெளிய வந்தபாடில்ல" என்பாள். கொழுந்தனாரும் கூடச் சேர்ந்து சிரிப்பார், அதுதான் அவரிடம் நல்ல குணம்.

அந்த அறையில் அவள் சொல்லே சட்டமாக இருந்தது ஒரு விஷயத்தில். பூச்சியின் காலோ கொம்போ உடைந்து விழுந்தால், அது இந்தப் பூச்சியுடையதுதான் என்று நூற்றுக்கு நூறு தெரிந்தால் ஒட்டலாம். சந்தேகம் இருந்தால் 'உதிரி' என்று எழுதிய குப்பியில் போட்டுவிட வேண்டும். ஒன்றின் காலை இன்னொன்றுக்கு ஒட்டினால் உலகத்திலேயே இல்லாத பூச்சி ஒன்று பிறந்துவிடும், பின்னால் வருகிறவன் அதைப் பார்த்துப் பைத்தியம் பிடித்து அலைவான். பயிற்சிக்கு வருகிற யாராவது இதில் கை வைத்தால் ஊசியக்கா அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

இப்போதைய தலைவர் நாற்பது வயதுப் பெண். எல்லாரும் மேடம் என்பார்கள், மேடம் இவளை அக்கா என்பார். மேடத்துக்கு நீள்கொம்பு வண்டு என்றால் உயிர். உடம்பைவிட நீளமான கொம்பு உள்ள வண்டு அது. மரப்பட்டையைக் கீறி முட்டை வைக்கும். புழு இரண்டு வருஷம், மூன்று வருஷம் மரத்துக்குள் இருட்டில் தின்றுகொண்டே கிடக்கும். அங்கேயே கூட்டுப்புழுவாகும். பிறகு வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து, சில வாரங்கள் கொம்பை ஆட்டிக்கொண்டு திரிந்துவிட்டுச் செத்துப்போகும்.

ஊசியக்கா ஓய்வுபெற ஆறு வாரம் இருந்தபோது மேடம் அவளைக் கூப்பிட்டு எதிர்நாற்காலியில் உட்காரவைத்தார். யாரும் இதுவரை எழுதாத புது வண்டினம் ஒன்று நம் அலமாரியிலேயே கிடைத்திருக்கிறது என்றார். ஒரே ஒரு வண்டுதான். உடம்பைப் பார்த்தால் பழத்தோட்டத்தில் கிடைக்கிற சாதாரண நீள்கொம்பு வண்டு மாதிரி, கொம்பு மட்டும் முற்றிலும் வேறு. கட்டுரை எழுதி முடித்தாயிற்று, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

"அதுக்கு உங்க பேரைத்தான் வைக்கறேன், அக்கா."

"எனக்கு எதுக்கு மேடம் இதெல்லாம்" என்றாள் ஊசியக்கா. சும்மா சொன்னாள். உள்ளே சந்தோஷம் தாங்கவில்லை.

பூச்சிக்கு இரண்டு சொல்லில் பெயர். முதல் சொல் கூடப்பிறந்த இனங்களுக்கெல்லாம் பொது. இரண்டாவது சொல் அதற்கே அதற்கானது. அந்த இரண்டாவது சொல்லாகத்தான் இவள் பெயர், வாலில் லத்தீன் எழுத்து இரண்டு ஒட்டிக்கொண்டு. ஒருமுறை வைத்தால் வைத்ததுதான், நூறு வருஷம் கழித்து எங்கோ ஒருவன் அந்த வண்டைப் பிடித்தாலும் இவள் பெயரைத்தான் எழுதவேண்டும். அவள் நிஜப் பெயரோ எவனுக்குத் தெரியும்? புருஷன் கூப்பிடுவது 'இந்தா'. பிள்ளைகளுக்கு அம்மா. மற்ற எல்லாருக்கும் ஊசியக்கா. பஸ்ஸில் போகும்போது ஒரு காகிதத்தில் தன் பெயரை அந்த வாலோடு எழுதிப் பார்த்தாள். யாரோ ஒரு வெளிநாட்டு மகாராணி பெயர் மாதிரி இருந்தது. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

புருஷனிடம் சொன்னதுதான் தப்பு. மனுஷன் வாயெல்லாம் பல்லாக அன்றைக்கே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். காய்கறிக்காரர், "அக்கா, உங்க பேர்ல வண்டாமே" என்று கேட்டார். மகள் போன் பண்ணி அழுதாள். மகனும் பண்ணினான், சிணுங்காமல் பேசினான், அதுவே அதிசயம். கொழுந்தனார் கூட்டைவிட்டு வெளியே வந்து நேரில் வாழ்த்திவிட்டுப் போனார்.

புதன்கிழமை மேடம் கட்டுரையின் படங்களைக் கம்ப்யூட்டரில் காட்டினார். "உங்க வண்டை நீங்களே பாருங்கக்கா." முதலில் முழு வண்டு. அடுத்து தலை. அடுத்து கொம்பு மட்டும், திரை முழுக்கப் பெரிதாக்கி. மூன்றாவது நான்காவது கணுக்களில் கறுப்பு முடிக்கொத்து, பெயிண்ட் அடிக்கிற தூரிகை மாதிரி.

ஊசியக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தத் தூரிகையை அவளுக்குத் தெரியும்.

பதினொரு வருஷத்துக்கு முந்திய கதை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக ஒரு பூச்சிக் கண்காட்சி. பழைய தலைவர் காலையிலிருந்தே எல்லார்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். மையப்பெட்டியில் 'நீள்கொம்பு வண்டு' என்று கொட்டை எழுத்தில் அட்டை, அதன் கீழே இருப்பதிலேயே பெரிய வண்டு. பெட்டியைத் தூக்கி வைக்கும்போது ஊசியக்காவின் கையிலிருந்து மூடி நழுவி, வண்டின் இரண்டு கொம்பும் முதல் கணுவுக்கு மேலே முறிந்து தரையில் விழுந்தன. குனிவதற்குள் நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தவர் அதன்மேல் மிதித்துவிட்டார். கொம்பு பொடியாகிவிட்டது. கொட்டை எழுத்துக்குக் கீழே ஒரு மொட்டை வண்டு. கண்காட்சிக்கு இன்னும் அரைமணி.

வளர்ப்புக் கூண்டில் வைத்திருந்த ஒரு மரக்கட்டையிலிருந்து அந்த வாரம்தான் வேறு இனத்து நீள்கொம்பு வண்டு ஒன்று வெளியே வந்திருந்தது. பாவம், இறக்கை சரியாக விரியாமல் கசங்கி, அன்றே செத்துப்போனது. எதற்கும் உதவாத உடம்பு, கொம்பு மட்டும் அழகு. ஊசியக்கா அந்தக் கொம்புகளை எடுத்து, மொட்டை வண்டின் முதல் கணுவில் ஒட்டினாள். ஒரு நாளைக்குத்தானே, நாளைக்கு எடுத்துவிடலாம் என்று. பிள்ளைகள் வந்தார்கள், வாய்பிளந்து பார்த்தார்கள், போனார்கள். மறுநாள் காலை புருஷன் தையல்கடைப் படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். ஒரு மாதம் ஆஸ்பத்திரி. திரும்பி வந்து பார்த்தால், தற்காலிகமாக வந்த ஆள் கண்காட்சிப் பெட்டிகளைக் கலைத்து எதை எதையோ எங்கெங்கோ அடுக்கிவிட்டுப் போயிருந்தான். இவள் ஒரு வாரம் தேடினாள். பிறகு வேலை தலைக்குமேல் ஏறியது. பிறகு மறந்தேபோனாள்.

அதைவிட மோசமானது ஒன்று இருந்தது. போன வருஷம் மேடம் அந்த வண்டை எடுத்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்து, "அக்கா, இதுல கொம்பு ஒட்டியிருக்கு. இதோடதுதானே?" என்று கேட்டார். ஊசியக்கா அப்போது எறும்பளவு குளவிகளை அட்டை நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவே இல்லை. "என் கையில மாறி வருமா மேடம்" என்றாள். பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. கர்வத்தில் சொன்னாள். பார்க்காமலே சொன்னாள்.

இப்போது திரையில் கட்டுரையும் இருந்தது. படங்களுக்குக் கீழே ஒரு வரி. கொம்புகள் முறிந்து, அதே வண்டின் கொம்புகளே மீண்டும் ஒட்டப்பட்டவை, ஒட்டியவர் உறுதி செய்தார் என்று.

"என்னக்கா, பேச்சையே காணோம்?" என்றார் மேடம்.

"நல்லா இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்கு வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் வரை ஒரு பூச்சிக்குக்கூட அவளால் நேராக ஊசி குத்த முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கையில் பிசைந்த சாதத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானா? நான் எத்தனை சட்டைக்கு வேற சட்டைப் பட்டனைத் தச்சிருக்கேன். எவனாவது கேட்டானா?"

"ஏங்க, நீங்க அந்தச் சட்டையை உலகத்துல இல்லாத சட்டைன்னு பேப்பர்ல போட்டீங்களா?"

அவர் யோசித்தார். "இப்ப இதை யார் கண்டுபிடிக்கப் போறா? உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சொல்லப் போறதில்ல."

"நீங்களா? நீங்க சொல்லப் போறதில்லையா?"

தெருவே சாட்சி. அவர் கையிலிருந்த சாதத்தைத் தட்டில் வைத்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "உனக்குன்னு ஒண்ணு கிடைச்சுதேன்னு இருந்துச்சு. இத்தனை வருஷத்துல நான்கூட உனக்கு ஒண்ணும் செஞ்சதில்ல."

அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெயர் அவளுக்கு வேண்டும். வேண்டாம் என்று பெரிய மனசோடு சொல்ல அவள் ஒன்றும் சாமியார் இல்லை. நூறு வருஷம் கழித்தும் ஒருவன் தன் பெயரை எழுதுவான் என்பது எவ்வளவு பெரிய விஷயம். ஆனால் அந்த நூறு வருஷத்து ஆள் இல்லாத ஒரு வண்டைத் தேடிக்கொண்டு காடுமேடெல்லாம் அலைவானே, மரக்கட்டையைக் கொண்டுவந்து கூண்டில் வைத்துக்கொண்டு புழு வருமா வருமா என்று வருஷக்கணக்கில் காத்திருப்பானே என்றும் தோன்றியது. அந்த முகம் தெரியாத ஆள்தான் அவள் தலையைப் போட்டுக் குடைந்தான்.

வியாழக்கிழமை காலை மேடம் வருவதற்கு முன்பே போய் அறைவாசலில் நின்றாள். மேடம் பையைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிட்டாள். கண்காட்சி, மூடி, மிதிபட்ட கொம்பு, கசங்கின இறக்கை வண்டு, எல்லாம். எதையும் மழுப்பவில்லை.

மேடம் முகம் சுண்டிப்போனது. அந்த வண்டை எடுத்து வந்து, கொம்பு ஒட்டியிருந்த இடத்தில் தூரிகையால் வெந்நீர் தொட்டு வைத்தார். பத்து நிமிஷத்தில் பசை இளகி, இரண்டு கொம்பும் கழன்று அட்டையில் விழுந்தன. மீதி உடம்பைப் பழத்தோட்டத்து வண்டுகளின் பெட்டியில் நட்டு வைத்துப் பார்த்தார். அங்கே இருந்த மற்ற முப்பது வண்டுகளுக்கும் இதற்கும் எள்ளளவு வித்தியாசம் இல்லை. மேடம் கம்ப்யூட்டரைத் திறந்து, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று பத்திரிகைக்கு எழுதி அனுப்பினார். இரண்டு வருஷ உழைப்பு. ஊசியக்கா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை, அவளும் உட்காரவில்லை.

"நான் கேட்டேன்ல" என்றார் மேடம். "வந்து நேர்ல கேட்டேன்."

"கேட்டீங்க மேடம்."

"நீங்க திரும்பிக்கூடப் பார்க்கல."

"பார்க்கல மேடம்."

மேடம் அலமாரிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். பிறகு கேட்டார். "இந்த ரூம்ல நீங்க ஒட்டினது எத்தனை இருக்கும்?"

"ஆயிரத்துக்கு மேல இருக்கும் மேடம்."

"அதுல இன்னும் எத்தனை இந்த மாதிரி?"

பெயர் போனது வலித்தது உண்மைதான். இந்தக் கேள்வி வலித்ததில் அது கால்வாசி இல்லை. முப்பத்தொரு வருஷமும் இந்த ஒரு கேள்வியில் வந்து நின்றது. "இது ஒண்ணுதான் மேடம்" என்றாள்.

"போன வருஷமும் இப்படித்தான் சொன்னீங்க."

ஊசியக்கா இதற்குமேல் என்ன சொல்வது? சத்தியம் பண்ணினால் நம்பிவிடுவார்களா? மேடம் எழுந்து வெளியே போய்விட்டார். இவள் தன் மேசைக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதையும் தொடப் பிடிக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து மேடம் ஒரு பெட்டியோடு வந்தார். அதிலிருந்து வண்டு ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார். இடப்பக்கம் நடுக்கால் ஒட்டப்பட்டிருந்தது. "இந்தக் கால் இதோடதுதானா?"

ஊசியக்கா அதை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தாள். முறிந்த இரண்டு முனையும் பொருந்துகிறதா என்று பார்த்தாள். பாதத்தின் கணுக்களை எண்ணினாள். நகத்தைப் பார்த்தாள், காலின் முள்ளைப் பார்த்தாள், வலப்பக்கத்து நடுக்காலோடு வைத்துப் பார்த்தாள். கால்மணி நேரம் ஆனது. மேடம் நின்றுகொண்டே இருந்தார்.

"இதோடதுதான் மேடம்."

மேடம் நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்ததை வைத்தார். அதுவும் அதோடதுதான். மூன்றாவது ஒரு பொன்வண்டு. பின்னங்கால் ஒன்று ஒட்டியிருந்தது. கால் அதே இனத்துக் கால்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதே பெட்டியில் அதே இனம் இன்னும் பன்னிரண்டு இருந்தன. முறிந்த முனையைப் பசை மூடியிருந்தது. ஊசியக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒட்டியது அவள்தான், பசையைப் பூசியிருக்கும் விதத்திலேயே தெரிந்தது. எப்போது ஒட்டினாள், கால் எங்கிருந்து எடுத்தாள் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஆமாம் என்று சொல்லிவிடலாம். ஒரு பொன்வண்டின் கால் அதே இனத்து இன்னொரு பொன்வண்டுக்குப் போனால் வானம் இடிந்து விழப்போவதில்லை. அவள் நிமிர்ந்தாள்.

"இது தெரியல மேடம். இதோடதா இருக்கலாம், பக்கத்துல இருக்கறதோடதாவும் இருக்கலாம். என்னால சொல்ல முடியல."

மேடம் பேனாவை நோட்டின்மேல் வைத்தபடி அவளையே பார்த்தார்.

"சரிக்கா. தெரியலன்னே எழுதிக்கறேன்."

காலையிலிருந்து அந்த வாயில் அக்கா என்று வந்தது அதுதான் முதல் தடவை. ஊசியக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த பூச்சிக்குக் கையை நீட்டினாள்.